சென்னையில் வீடு தேடுவோருக்கு: உங்கள் தெரு யார் கையில் இருக்கிறது?

வீடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது பத்திரத்தைத்தான். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா. இடம் யாருடையது என்பதை இவை சொல்லிவிடும். அந்த இடத்தில் எத்தனை மாடி எழுப்பலாம், பக்கத்து மனையில் நாளைக்கு என்ன வரும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், அரையாண்டுக்கு வரி எவ்வளவு என்பதையெல்லாம் பத்திரத்தில் தேடினால் கிடைக்காது. அவை உள்ளாட்சியின் கோப்புகளில் இருக்கின்றன. வக்கீல் கொடுக்கும் சட்டக் கருத்துரை பெரும்பாலும் அந்தப் பக்கம் போவதே இல்லை. வங்கிக் கடன் கிடைத்துவிட்டதால் எல்லாம் சரி என்று நினைப்பதும் தவறு; வங்கி பார்ப்பது தன் பணம் திரும்பி வருமா என்பதை மட்டும்.

சென்னையிலும் புறநகரிலும் வீடோ மனையோ வாங்க நினைப்பவர்கள், வாங்கிவிட்டுத் தெருவைப் புரிந்துகொள்ள முயல்பவர்கள், இரு தரப்புக்கும் இந்த வரிசை உதவும். வாங்குவதற்கு முன் செய்தால் செலவு குறைவு.

முதலில், எந்த உள்ளாட்சி?

"சென்னை" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதெல்லாம் சென்னை மாநகராட்சி அல்ல. 2011-இல் சுற்றியிருந்த நகராட்சிகள், பேரூராட்சிகள், ஊராட்சிகள் பலவற்றை இணைத்தபோது மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராகவும் 200 வார்டுகளாகவும் விரிந்தது. ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் தனி மாநகராட்சிகள் ஆயின. இவற்றுக்கு இடையிலும் வெளியிலும் ஊராட்சிகள் இருக்கின்றன. அடுக்குமாடி, பள்ளி, சூப்பர் மார்க்கெட் எல்லாம் நகரம் போலவே இருக்கும். குப்பை எடுப்பதும் தெருவிளக்குப் போடுவதும் ஊராட்சியாக இருக்கும். தரகரிடம் "இது எந்த வார்டு?" என்று கேளுங்கள். வார்டு எண் சொல்லத் தெரியாமல் ஊர்ப்பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால், நீங்களே போய் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அதே நாளில் நான்கு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: சர்வே எண் (உட்பிரிவோடு), சொத்து வரி எண், குடிநீர் வாரிய நுகர்வோர் எண், திட்ட அனுமதி எண். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கவுன்ட்டரில் முதலில் கேட்பது இவற்றில் ஒன்றைத்தான். கதவு எண்ணை நம்பிப் போகாதீர்கள். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பது சாதாரணம்.

சொத்து வரி எண்ணை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அது நான்கு துண்டாக இருக்கும்: மண்டலம், கோட்டம், பில் எண், உப எண். 2011-க்கு முன் மாநகராட்சி 155 கோட்டங்களாக இருந்தது. அதனால் விற்பவர் எடுத்து நீட்டும் பழைய ரசீதில் இருக்கும் கோட்ட எண், இப்போது கவுன்சிலர் தேர்ந்தெடுக்கப்படும் வார்டு எண்ணாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய எண்ணை வைத்துக்கொண்டு தவறான வார்டு அலுவலகத்தில் அரை நாள் காத்திருப்பவர்கள் நிறைய. கடைசியாகக் கட்டிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். உப எண்ணும் முக்கியம். அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மதிப்பீடு ஆகியிருக்கிறதா, இல்லை மொத்தக் கட்டடமும் இன்னும் நில உரிமையாளர் பெயரிலேயே ஒரே பில்லாக ஓடுகிறதா என்பதை அதில் தெரிந்துகொள்ளலாம்.

நிலப் பயன்பாடு: வரைபடம் என்ன சொல்கிறது?

உள்ளாட்சி எதுவானாலும், சென்னைப் பெருநகரப் பகுதிக்குள் எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று வகுப்பது சி.எம்.டி.ஏ. என்ற பெருநகர வளர்ச்சிக் குழுமம். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. 2008-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது முழுமைத் திட்டம் 1,189 சதுர கிலோமீட்டரை முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை என்று பிரித்து வைத்தது. அந்தத் திட்டத்தின் இலக்கு ஆண்டு 2026. மூன்றாவது திட்டம் 2046 வரைக்குமானது. ஆகவே இன்று வாங்கும் வீட்டில் நீங்கள் வாழப்போகும் காலத்தில் பெரும்பகுதி புதிய திட்டத்தின் கீழ்தான் கழியும். உங்கள் பகுதி அதில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் விசாரியுங்கள்.

கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் இருந்தால் சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் நிலப் பயன்பாட்டைத் தேடிப் பார்க்கலாம். இங்கே "கிராமம்" என்பது வருவாய்த்துறை சொல்லும் கிராமம். நகர் நடுவில் இருக்கும் இடத்துக்கும் வருவாய்க் கிராமப் பெயர் உண்டு. பத்திரத்தின் சொத்து விவரத்தில் பாருங்கள்.

கலப்புக் குடியிருப்பு என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கீழ்த்தளத்தில் கடையும் அலுவலகமும் வர அங்கே இடம் தாராளம். அமைதியான தெரு வேண்டும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேளாண்மை என்றோ திறந்தவெளி என்றோ வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். "கன்வர்ஷன் போட்டிருக்கோம், வந்துடும்" என்ற பேச்சுக்கு மதிப்பு இல்லை. நிலப் பயன்பாட்டு மாற்றம் அரசாணையாகவோ அறிவிக்கையாகவோ கையில் இருக்க வேண்டும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் தலமானது, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். அதன் சுற்றுவட்டாரம், செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. விமான நிலையத்தைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு.

"பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்ற சொல்லை இங்கேயே முடித்துவிடலாம். பெருநகரப் பகுதிக்குள் மனைப்பிரிவுக்குத் திட்ட அனுமதி கொடுப்பது சி.எம்.டி.ஏ., அதற்கு வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககம். ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் மட்டும் இருந்தால் அது அங்கீகாரம் இல்லாத மனை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. 2017-இல் வரன்முறை விதிகள், அதாவது அங்கீகாரம் இல்லாத மனைகளை முறைப்படுத்தும் விதிகள், வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு அதில் வழி கிடைத்தது. இப்படிப்பட்ட மனையை வாங்கினால் வரன்முறை ஆணை இருக்கிறதா என்று பாருங்கள். மனைப்பிரிவுக்கு ஓர் ஆணை, தனி மனைக்கு ஓர் ஆணை என்று இரண்டும் வேண்டும். விண்ணப்பித்த ரசீது ஆணை ஆகாது.

அனுமதி வரைபடமும் நிற்கும் கட்டடமும்

திட்ட அனுமதியின் முத்திரையிட்ட வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். பில்டர் அச்சிட்ட வண்ணப் பிரசுரம் போதாது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்குப் போய்க் கீழ்த்தளத்தில் நில்லுங்கள். மின்மீட்டர் பலகையைப் பாருங்கள். வரைபடத்தில் 6 வீடு என்றால், பொதுப் பயன்பாட்டு மீட்டர் ஒன்றையும் சேர்த்து 7 மீட்டர் இருக்கலாம். 9 இருந்தால், ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், அல்லது மேலே ஒரு தளம் கூடுதலாக ஏறியிருக்கிறது, அல்லது வாகன நிறுத்தம் கடையாகிவிட்டது. எதுவானாலும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பிறகு படிக்கட்டில் ஏறித் தளங்களை எண்ணுங்கள். மொட்டைமாடியில் அறை இருந்தால் வரைபடத்தில் அது இருக்கிறதா? பக்கவாட்டு இடைவெளியை டேப் வைத்து அளந்து, வரைபடத்தில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். ஓரிரு அங்குலம் பற்றிக் கவலை வேண்டாம். அந்த இடைவெளியில் ஜெனரேட்டர் அறையோ கழிவறையோ முளைத்திருந்தால் அது விதிமீறல்.

விதிமீறல் இருந்தால் என்ன ஆகும்? நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின் கீழ் நோட்டீஸ் வரலாம், பணி நிறுத்தம் வரலாம், பூட்டி முத்திரையிடலாம். நோட்டீஸ் அப்போது உரிமையாளராக இருப்பவருக்கு வரும். கட்டியவர் அதற்குள் வேறு எங்கோ வேறு கட்டடம் கட்டிக்கொண்டிருப்பார். "எல்லாரும் கட்டியிருக்காங்க, ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று தைரியம் சொல்பவரிடம் ஒரு தேதியை மட்டும் கேளுங்கள். அதே சட்டத்தின் 113-சி பிரிவின் கீழான வரன்முறை 2007 ஜூலை 1-க்கு முன் கட்டி முடித்த கட்டடங்களுக்கானது. அதற்குப் பின் எழுந்த கூடுதல் தளத்துக்கு அந்தக் கதவு இல்லை. சொத்து வரி ரசீதைக் காட்டி "மாநகராட்சியே ஏத்துக்கிச்சு" என்பார்கள். விதிமீறிய கட்டடத்துக்கும் வரி போடுவார்கள். வரி போட்டதால் அனுமதி கிடைத்ததாகாது. ரசீது உரிமைப் பத்திரமும் ஆகாது.

பணிநிறைவுச் சான்று தனி. சிறிய வீடுகளுக்கு விலக்கு உண்டு. பெரிய அடுக்குமாடிக்கு அது இல்லாவிட்டால் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் சிக்கலாகும். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது வீடுகள் 8-க்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் கேளுங்கள். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ தரையோடு ஒரு மாடியோ கட்டுபவர்கள் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறலாம். வேகமாகக் கிடைக்கும் என்பது உண்மை. கொடுத்த விவரம் சரி என்று கையெழுத்துப் போடுவது நீங்கள் என்பதால் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

பக்கத்து மனையில் என்ன எழும்?

இதைப் பெரும்பாலோர் விசாரிப்பதே இல்லை. உங்கள் வீட்டின் வெளிச்சமும் காற்றும் பக்கத்து மனையைப் பொறுத்தவை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடி கட்டலாம். 18.3 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். சாலை 18 மீட்டர் அகலம் இருந்தால் அதற்குக் குறியீடு 3.25. அகலமான சாலைகளில் கட்டணம் செலுத்திக் கூடுதல் பரப்பும் வாங்கிக்கொள்ளலாம்.

எனவே டேப்பை எடுத்துத் தெருவின் அகலத்தையும் அளந்துவிடுங்கள், மதிலிலிருந்து மதில் வரை. 20 அடித் தெருவில் எதிர்வீட்டுத் தாத்தாவின் ஓட்டு வீடு போனால் மூன்று நான்கு மாடி வரும். 60 அடிச் சாலையில் அதே மாதிரி பழைய பங்களா இரண்டு ஒன்றாகச் சேர்ந்தால் எதிரே கோபுரம்தான். கிழக்கு வெயிலுக்காக அதிக விலை கொடுப்பவர்கள் அந்தப் பக்கத்து மனையின் பரப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை விரிவாக்கக் கோட்டையும் கேளுங்கள். முழுமைத் திட்டத்தில் சில சாலைகளுக்கு எதிர்கால அகலம் குறித்திருக்கிறார்கள். அந்தச் சாலையில் நீங்கள் புதிதாகக் கட்ட அனுமதி கேட்டால், கோட்டுக்குள் வரும் துண்டைத் தானப்பத்திரமாக எழுதிக்கொடுக்கச் சொல்வார்கள். ஈடாகக் கட்டடப் பரப்பில் சலுகை உண்டு. பழைய வீட்டை வாங்கி இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால், மனையின் உண்மையான நீளம் அந்தக் கோடு வரைதான் என்று கணக்குப் போடுங்கள்.

மனைப்பிரிவுக்குள் வாங்குகிறீர்களா? அப்படியானால் பூங்கா என்று காட்டப்படும் காலியிடத்தையும் விசாரியுங்கள். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை நீங்கலாக 10 சதவீதம் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானமாகப் பதிந்து கொடுக்க வேண்டும். பேச்சு வழக்கில் "ஓ.எஸ்.ஆர். லேண்ட்". 3,000 முதல் 10,000 வரை நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பைக் கட்டிவிடலாம். தானப்பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பதியாமல் விட்ட பூங்கா பத்து வருடம் கழித்து மனையாக விற்பனைக்கு வந்த கதைகள் புறநகரில் ஏராளம். உள்சாலைகளுக்கும் இதே சோதனைதான். சாலை தானமாக எழுதப்படாவிட்டால் உள்ளாட்சி அதில் தார் போடாது, விளக்கும் போடாது.

வரியும் கெடுவும்

பதிவுக்குப் பொதுவாக முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இது பதிவுத்துறைக்கு ஒருமுறை கட்டுவது. ஆண்டு தோறும் வருவது சொத்து வரி. கட்டடப் பரப்பு, தெருவுக்கென வைத்திருக்கும் அடிப்படை மதிப்பு, குடியிருப்பா வணிகமா, கட்டடத்தின் வயது, சொந்தக்காரர் குடியிருக்கிறாரா வாடகையா என்பனவற்றைப் பொறுத்து அது அமையும்.

2022-இல் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் என்று வரி உயர்ந்தது. 2011-இல் இணைந்த பகுதிகளுக்கு உயர்வு இதைவிடக் குறைவு. பழைய பகுதியில் 1,000 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு 2,000 ரூபாய் வந்திருந்தால் அது 3,500 ஆனது. 2024-இல் மாமன்றம் நிறைவேற்றிய 6 சதவீதமும் சேர்ந்தால் 3,710. விற்பவர் மூன்று வருடத்துக்கு முந்தைய ரசீதைக் காட்டினால் அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அரையாண்டு ஏப்ரல் 1-லும் அக்டோபர் 1-லும் தொடங்கும். முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி.

பத்திரம் பதிந்த கையோடு வரிப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். பட்டா மாறியதால் வரியிலும் பெயர் மாறிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். பட்டா வருவாய்த்துறை, வரி மாநகராட்சி, தண்ணீர் குடிநீர் வாரியம், மின்சாரம் மின்வாரியம்: நான்கு இடத்திலும் தனித்தனியே மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விற்பவரின் பாக்கி சொத்தின் மேல்தான் நிற்கும், ஆகவே கிரயத்துக்கு முந்தைய வாரம் நிலுவையைச் சரிபாருங்கள். காலிமனையாக வாங்கினால் காலிமனை வரியும் உண்டு. அதைக் கட்டாமல் விட்டவர்கள் கட்டட அனுமதிக்குப் போகும்போது மொத்தமாகக் கட்ட நேர்கிறது.

குடிநீர் வாரியம் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தனி அமைப்பு. உங்கள் வீட்டுக்கு மாநகராட்சி கணக்கிட்ட ஆண்டு மதிப்பை வைத்து அது தன் வரியைப் போடுகிறது. இணைப்புக் கட்டணம் வேறு. பழைய வீட்டில் இரண்டு மூன்று வருடத் தண்ணீர் வரி பாக்கி இருப்பது சகஜம். சொத்து வரியைப் பார்ப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

புது இணைப்புக்குச் சாலையை வெட்ட வேண்டும். அதற்கு மாநகராட்சி அனுமதி வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை வெட்டை நிறுத்திவைப்பார்கள். செப்டம்பரில் விண்ணப்பித்துவிட்டு தீபாவளிக்குக் குடிபோகலாம் என்று திட்டமிட்டால் தை பிறக்கும்வரை லாரித் தண்ணீரும் கழிவுநீர்த் தொட்டியும்தான்.

மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்

இரண்டு மூடிகளை வேறுபடுத்தத் தெரிந்துகொள்ளுங்கள். சாலை நடுவில் வட்டமாக இருக்கும் மூடி பெரும்பாலும் கழிவுநீர் மேன்ஹோல், குடிநீர் வாரியத்துடையது. சாலை ஓரத்தில் சிமென்ட் பலகை மூடிய நீளக் கால்வாய் மழைநீர் வடிகால், மாநகராட்சியுடையது. மழையில் நடு மூடி பொங்கினால் யாரோ மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விட்டிருக்கிறார்கள். ஓரக் கால்வாயில் வெயில் காலத்திலும் கறுப்புத் தண்ணீர் நின்றால் யாரோ கழிவுநீரை அதில் விட்டிருக்கிறார்கள். அந்த வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று தெருமுனை வரை நடந்து பாருங்கள். முடியும் இடத்தில் அடுத்த கால்வாயோடு இணையாமல் மொட்டையாக நிற்கும் வடிகால்கள் உண்டு.

வாசற்படியையும் சாலையையும் ஒப்பிடுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டு போனால் ஒவ்வொரு முறையும் சாலை சில சென்டிமீட்டர் ஏறும். இருபது வருடத்தில் படி புதைந்து, வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டியிருக்கும். கேட்டின் கீழ்ப்பகுதி அறுக்கப்பட்டிருந்தால் தெரு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சாலை போடும் ஒப்பந்தத்தில் மில்லிங், அதாவது பழைய தாரைச் சுரண்டி எடுப்பது, சேர்ந்திருக்கிறதா என்று வார்டு உதவிப் பொறியாளரிடம் கேட்க வேண்டிய நாள், வேலை தொடங்குவதற்கு முந்தைய நாள். தார் ஊற்றிய பிறகு யாரும் சுரண்ட மாட்டார்கள்.

யாரிடம் எதைக் கேட்பது?

குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், உட்புறச் சாலை: மாநகராட்சி, தொலைபேசி 1913. குடிநீர், கழிவுநீர்: வாரியத்தின் பகுதி டெப்போ. சாலையோர மின்பெட்டி: மின்வாரியம். பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையுடையவை. அங்கே மாநகராட்சிப் பொறியாளர் "எங்களுது இல்ல" என்றால் அது உண்மையாகவே இருக்கலாம். தவறான இடத்தில் கொடுத்த புகார் வேறு துறைக்குப் போவதற்குள் "முடிக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்துவிடும். புகார் எண்ணையும் தேதி தெரியும் படத்தையும் வைத்திருந்தால் மீண்டும் திறக்கச் சொல்லலாம்.

வார்டுக்குள் அன்றாடம் முடிவெடுப்பவர் உதவிப் பொறியாளர். வார்டில் எந்த வேலை முதலில் என்பதில் கவுன்சிலரின் சொல்லுக்கு எடை உண்டு. 2022 விதிகளின்படி வார்டு குழுவும், வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் ஏரியா சபையும் இருக்கின்றன. ஏரியா சபைக்குப் போகும்போது "ரோடு மோசம்" என்று பொதுவாகப் பேசாமல், தெருப் பெயர், கதவு எண்ணிலிருந்து கதவு எண் வரை, எத்தனை மீட்டர் என்று எழுதி இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

கோப்பைக் காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள் கெடு. "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் மழுப்பலான பதிலோ மறுப்போதான் வரும். "இன்ன திட்ட அனுமதி எண்ணுக்கான அனுமதிக் கடிதம், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், பணிநிறைவுச் சான்று ஆகியவற்றின் சான்றொப்பமிட்ட நகல்" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், கெடு முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. விற்பவரிடம் வரைபடம் இல்லை என்றாலும் இதே வழிதான். அதற்கு ஒரு மாதம் ஆகும் என்பதால், முன்பணத்துக்கு முன்பே மனுவைப் போட்டுவிடுங்கள்.